நூற்று முப்பத்து நான்கு கிலோ

மார்ச் 4

தலைமை சிக்னல்காரர் அவர்களுக்கு,

கிரேன் ஆபரேட்டர் எழுதுவது. தப்பு, ஸ்டோர் ரூமில் ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பவர் எழுதுவது. உன் அக்காவின் புருஷன் என்ற முறையிலும் எழுதுகிறேன், அந்த முறை இன்னும் செல்லுபடியானால்.

நீ போன் அடித்து நான் எடுக்கவில்லை என்று அக்காவிடம் குறைப்பட்டாயாம். எடுக்க மாட்டேன். போனில் நீ "மாமா, மாமா" என்று குழைவாய், நான் இளகிவிடுவேன். எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் சொல்.

பிப்ரவரி இருபதாம் தேதி காலை ஏணியில் கால் வைக்கப் போனேன். சேஃப்டி ஆபீசர் நிறுத்தினார். "உங்க மேல ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு" என்றார். தள்ளி நின்றே படித்துக் காட்டினார். கையில் கொடுக்கவில்லை. "உங்கள் கிரேன் ஆபரேட்டர் அளவுக்கு மீறிப் பருத்தவர். மேலே உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது. ஒருநாள் ஏதாவது ஆகிவிட்டால் யார் அவரைக் கீழே இறக்குவது?"

முதலுதவி அறையில் இருந்த எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். முள் நூற்றிருபதில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதனால் ஆணி மூட்டை நிறுக்கிற தராசுக்குக் கூட்டிப்போனார்கள். கம்பி கட்டுகிறவர்கள், கொத்தனார்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நூற்று முப்பத்து நான்கு. ஒருவன் கை தட்டினான்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி நான் கேபினில் கண் அயர்ந்ததும், கிரேன் தூக்கிய கம்பிக்கட்டு நாற்பது வினாடி அந்தரத்தில் தொங்கியதும், நீ கீழே இருந்து வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டே இருந்ததும் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான், நீ, கொக்கி. கொக்கிக்கு எழுதத் தெரியாது. "யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் மாமா" என்று அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துச் சொன்னவன் நீ. ஒன்பது நாளில் கடுதாசி. அதற்கடுத்த வாரம் உனக்குப் பதவி உயர்வு, வேறு ஊர்.

நீதானே எழுதினாய்? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

— மாமா

•

மார்ச் 12

மாமாவுக்கு வணக்கம்.

இல்லை. இல்லவே இல்லை. எழுத்துலயே சொல்லிட்டேன், போதுமா?

உங்க கடிதத்தை நாலு தடவை படிச்சேன். இந்த வேலைக்கு நான் போன வருஷமே எழுதிப் போட்டேன். அந்த விண்ணப்பத்துல எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்ததே நீங்கதான். மறந்துட்டீங்களா, இல்ல மறந்த மாதிரி இருக்கீங்களா? இங்க இருக்கற ஆபரேட்டர் சின்னப் பையன். நான் "நிறுத்து"ன்னா அவன் "ஏன்"னு கேக்கறான். எட்டு வருஷம் நான் "நி"ன்னதுமே நீங்க நிறுத்தினீங்க. அந்த அருமை இப்பத்தான் தெரியுது.

சரி, அதை விடுங்க. உங்களுக்கு ஒரு படிவம் கொடுத்திருக்காங்கன்னு அக்கா சொன்னா. "உடல் பருமனுக்குக் காரணம்"னு போட்டு ரெண்டு கட்டமாம். நோய், சொந்தப் பழக்கம். தயவுசெய்து நோய்ல டிக் போடுங்க. கம்பெனியே வைத்தியம் பார்க்கும், கீழேயே நிரந்தரமா ஒரு வேலை கொடுக்கும். பழக்கம்னு போட்டா மூணு மாசம் கெடு. அதுக்குள்ள நூறுக்குக் கீழ வரலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

கௌரவம் பார்க்காதீங்க மாமா. உங்க அப்பா அம்பது வயசைத் தாண்டல. உங்க அண்ணனும் தாண்டல. ரெண்டு பேருக்கும் இதே உடம்பு. அது என்ன, மூணு பேரும் கூடிப் பேசி எடுத்த முடிவா?

ஒண்ணு கேக்கணும், கோபப்படக் கூடாது. சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்களாம். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில எட்டு பிஸ்கட் உறை இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்.

— உங்கள் மச்சான்

•

மார்ச் 21

சிக்னல்காரருக்கு,

எட்டு அல்ல, மூன்று. வேவு பார்க்கிறவர்களை ஒழுங்காக எண்ணச் சொல். ஆக, அக்காவும் தம்பியும் என் முதுகுக்குப் பின்னால் என் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது.

"பழக்கம்" என்று டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், புரிந்தால் புரிந்துகொள். நோயாளி என்று ஒருமுறை எழுதிவிட்டால் இனி எந்த ஏணியிலும் என்னை ஏற விடமாட்டார்கள். பழக்கம் என்றால் நான் செய்தது. நான் செய்ததை நானே மாற்றிக்கொள்ளலாம். குறைத்துவிட்டு மறுபடியும் மேலே போகலாம். அடுத்தவர் இரக்கத்தில் ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தே சாக என்னால் முடியாது.

பதினோரு வருஷம் அந்தக் கேபினில் இருந்தேன். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். நடுவில் இறங்கினால் வேலை நிற்கும், இன்ஜினியர் கத்துவார். மூத்திரத்துக்கு பாட்டில். அதற்கும் பயந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். மதியத்துக்கு மேல் கண் சொருகும். தூங்காமல் இருக்க ஒரே வழி வாயை அசைத்துக்கொண்டே இருப்பது. பன், பிஸ்கட், வேர்க்கடலை. யாரும் என் வாயில் திணிக்கவில்லை. நானே வாங்கினேன், நானே தின்றேன். இதை எந்தக் கிருமி மேல் போடச் சொல்கிறாய்?

இன்னொன்று. "மூச்சு நின்று நின்று வருகிறது" என்று கடுதாசியில் இருந்ததே, அதை நினைத்துப் பார்த்தேன். நான் எப்படித் தூங்குகிறேன் என்று வேலை இடத்தில் எவனுக்கும் தெரியாது. உன் வீட்டுக் கூரை ஒழுகியபோது இரண்டு மாதம் எங்கள் வீட்டில் படுத்தவன் நீ. இதற்கு என்ன சொல்கிறாய்?

— மாமா

•

ஏப்ரல் 2

மாமா,

என்ன சொல்றது? ஆமா, கேட்டிருக்கேன். நான் மட்டுமா? மேல்மாடிக்காரங்க கேட்டிருக்காங்க, எதிர்வீட்டு நாய் கேட்டிருக்கு. நீங்க விடற குறட்டை பெரிசில்ல. நடுவுல அது திடீர்னு நிக்கும் பாருங்க, அதுதான். பத்து எண்றதுக்குள்ள வரும்னு பார்ப்பேன், வராது. இருபது. அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து தலையைத் தூக்கின மாதிரி ஒரு இழுப்பு. உங்களுக்கு எதுவும் தெரியாது. விடிஞ்சதும் "நல்ல தூக்கம்"னு சொல்லிட்டு, டீ டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே மறுபடியும் சொக்குவீங்க.

அது பழக்கமா மாமா? மூச்சை நிறுத்தறதை யாராவது பழகுவாங்களா?

பட்டினி கிடக்கறீங்கன்னு தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, அப்புறம் அதுக்கும் ஒரு சந்தேகம் வரும். முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. கம்பெனி டாக்டர் வேண்டாம், வெளியில யாரையாவது.

கடுதாசி விஷயத்தை விட்டுடுங்க. சத்தியமா நான் எழுதல. யார் எழுதினதுன்னு தோண்டிக்கிட்டே போகாதீங்க. அதனால யாருக்கும் நல்லதில்ல.

— மச்சான்

•

ஏப்ரல் 10

"யார் எழுதினதுன்னு தோண்டாதீங்க." இந்த ஒரு வரியை எழுதும்முன் நீ யோசித்திருக்க வேண்டும். தெரியாதவன் "யாரோ" என்பான். தெரிந்தவன்தான் "தோண்டாதே" என்பான்.

யார் என்று எனக்கே தோன்றிவிட்டது. ஒல்லி. இத்தனை வருஷம் நான் லீவு போட்டால் ஏறுகிறவன், இப்போது என் கிரேனில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறவன். ஆதாயம் அவனுக்குத்தானே? நேற்று கேன்டீனில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "நாற்காலிக்காகத்தானேடா எழுதினே?" என்றேன். அவன் கையை ஓங்கவில்லை. "அண்ணே, உங்க நாற்காலியில உட்கார்ந்தா எனக்கு முதுகு வலிக்குது. அது உங்க அளவுக்குக் குழிஞ்சு கிடக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, அவனைப் பார்த்தா, தெரியவில்லை. அவன் சட்டைப் பொத்தான் இரண்டு என் கையில் வந்துவிட்டது.

எடை நூற்று இருபத்து மூன்று. பதினொரு கிலோ போயிருக்கிறது. ஹெல்மெட் வாரை மாட்டக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் குறைகிறது.

உன் அக்கா ஒருத்திதான் என் பக்கம் நிற்கிறாள். அளந்து சமைக்கிறாள், நான் சாப்பிடும்வரை தானும் சாப்பிடுவதில்லை. எத்தனை வாய் சாப்பிட்டேன் என்று எண்ணுகிறாளோ என்று சில நேரம் தோன்றும். உடனே என் புத்தியைத் திட்டிக்கொள்வேன்.

பெயரைச் சொல். ஒல்லியா, இல்லையா?

— மாமா

•

ஏப்ரல் 18

மாமா,

ஒல்லி இல்ல. பாவம், அவனை விட்டுடுங்க. பொத்தானைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

நான்தான் எழுதினேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடிச்சு, தபால்ல போட்டேன். அந்த நாற்பது வினாடியும் கம்பிக்கட்டுக்குக் கீழ ஆறு பேர் எதுவும் தெரியாம நின்னாங்க, அவங்களைப் பார்த்துப் பயந்துட்டேன். முதல் கடிதத்துலயே ஒத்துக்கிட்டிருக்கணும். தைரியம் வரல.

என்னை என்ன வேணா சொல்லுங்க. இனிமே உங்க வாசல்படி மிதிக்க வேண்டாம்னாலும் சரி. ஆனா யார் கழுத்தையும் பிடிக்காதீங்க, சாப்பிடுங்க, டாக்டர்கிட்ட போங்க.

— மச்சான்

•

ஏப்ரல் 29

மச்சானுக்கு,

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். உனக்கு இல்லை.

உன் கடிதத்தோடு நேராக சேஃப்டி ஆபீசரிடம் போனேன். "ஆள் கிடைத்துவிட்டான், இப்போதாவது அந்தக் காகிதத்தைக் கையில் கொடுங்கள்" என்றேன். கொடுத்தார். கம்ப்யூட்டரில் அடித்ததல்ல. கையால் எழுதியது, இடது கையால் எழுதின மாதிரி கோணல் எழுத்து. எழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் காகிதத்தின் மேல்பக்கம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டின ஓரம் நேராக இல்லை, குட்டிக் குட்டிப் பல்லாக இருந்தது. துணி ஓரம் பிரியாமல் இருக்கத் தையல்காரர்கள் வெட்டுவார்களே, அந்தக் கத்தரி. வாடிக்கையாளர் அளவு எழுதுகிற நோட்டில் கிழித்த தாள்.

வீட்டுக்குப் போனேன். உன் அக்கா தையல் மெஷினில் யாருடைய பாவாடைக்கோ ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் மேல் அதை வைத்தேன்.

"இது யார் எழுதினது?"

"பார்த்தா தெரியலையா?" என்றாள். கால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"உன் தம்பி, தான் எழுதினதாச் சொல்றான்."

"அவனுக்கு ஒரு பொய்கூட உருப்படியா வராது."

"என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!"

அப்போதுதான் மெஷின் நின்றது. "மண்ணுதானே? அலசிட்டுச் சாப்பிடலாம். ஆளே இல்லாமப் போனா நான் யாருக்குச் சமைக்கறது? டாக்டர்கிட்ட போகலாம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? 'தொப்பைக்கு யாராவது வைத்தியம் பார்ப்பாங்களா'ன்னு சிரிச்சீங்க. தரையில மயங்கி விழுந்தா நாலு பேர் தூக்கிட்டு வருவாங்க. அந்த உச்சியில அடைஞ்ச கூண்டுக்குள்ள மூச்சு நின்னுபோச்சுன்னா? உங்களை அங்கிருந்து எப்படி இறக்குவாங்கன்னு நான் நினைக்காத நாள் கிடையாது. கயிறு கட்டி, கம்பிக்கட்டு மாதிரி."

"என்கிட்ட சொல்லிட்டு எழுதியிருக்கலாம்."

"சொல்லிட்டு எழுதினா அது மொட்டைக் கடுதாசியா?"

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. நான்கு உடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போது ஸ்டோர் ரூமில் ஹெல்மெட் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் படுக்கிறேன். அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவள் பிரித்து அகலமாக்கித் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். அவளை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த நாற்பது வினாடியை அவளுக்குச் சொன்னது யார்? இதற்காவது உண்மை சொல்.

— மாமா

•

மே 6

மாமா,

நான்தான். இது உண்மை.

அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன் இல்ல? அடுத்த நாள் நீங்க வேலையில இருந்தப்ப வீட்டுக்குப் போனேன். அக்கா தண்ணி கொடுத்தா. நான் குடிக்காம டம்ளரைக் கீழ வெச்சதைப் பார்த்துட்டு "என்னடா"ன்னா. அவ்வளவுதான், எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ அழல, கத்தல. "கீழ எத்தனை பேர் நின்னாங்க?"ன்னு மட்டும் கேட்டா. ஆறுன்னேன். எழுந்து போய் அந்த நோட்டை எடுத்தா. என்னதான் எழுதறான்னு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன் மாமா. தடுக்கல. தபால் பெட்டியில போட்டதும் நான்தான். அவ எழுதினா, நான் போட்டேன். எனக்குப் பாதிப் பங்கு உண்டு.

தடுக்காததுக்கு என்ன காரணம்னு கேட்டா, அந்த நாற்பது வினாடிதான். நான் கத்திக்கிட்டே இருக்கேன், உங்க பக்கத்துல இருந்து ஒரு சத்தமும் இல்ல. நீங்க செத்துட்டீங்கன்னே நினைச்சேன். ஆறு பேர் மேல விழப்போகுதேன்னு பயந்தது அதுக்கப்புறம்தான். முதல்ல நினைச்சது உங்களை. அந்த வரிசைக்காக நான் வெக்கப்படறேன், ஆனா அதுதான் நிஜம்.

அக்கா யார்கிட்டயும் எதுவும் பேசறதில்லையாம். தைக்க வந்த துணி அப்படியே கிடக்காம். வீட்டுக்குப் போங்க மாமா.

— மச்சான்

•

மே 30

மச்சானுக்கு,

பதில் தாமதம். நடந்ததை உனக்குச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

உன் கடிதம் வந்த மறு ஞாயிறு, வேலை இல்லாத நாள், வாட்ச்மேன் டீ குடிக்கப் போனதைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினேன். நூற்றுப் பதினெட்டு கிலோ. பதினாறு குறைத்தவன் ஏறிக் காட்டினால் உங்கள் இரண்டு பேர் முகத்திலும் கரி பூசலாம் என்று நினைப்பு. ஏணிக்கு நடுநடுவே நின்று மூச்சு வாங்கத் தட்டு இருக்கும்; முதல் மூன்று தட்டு வரை ஒன்றும் இல்லை. நான்காவதில் கண் இருட்டியது. மூன்று நாளாகக் கறுப்பு டீ தவிர எதுவும் உள்ளே போகவில்லை. கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே போகவும் முடியவில்லை, கீழே வரவும் முடியவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். உன் அக்கா சொன்ன கயிறு ஞாபகம் வந்தது.

பார்த்தது ஒல்லி. மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்தவன். கீழே இருந்து ஒரு வார்த்தை கத்தவில்லை, ஆள் கூட்டவில்லை. ஏறி வந்து ஏணியில் எனக்கு நேர் கீழே நின்றான். "அண்ணே, அவசரம் இல்ல. இடது காலை வைங்க. என் தோள்ல படும், பரவாயில்ல" என்றான். ஒவ்வொரு கம்பியாகச் சொல்லிச் சொல்லி இறக்கினான். தரைக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தான். சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். அவன் எண்ணவில்லை.

பொத்தானுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் உங்க வீட்டம்மாவே தைச்சுக் கொடுத்துட்டாங்க" என்றான். எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன நடக்கிறதோ!

அன்றே வீட்டுக்குப் போனேன். மறுநாள் டாக்டரிடம். போகும்போது அவளும் நானும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே ஸ்கூட்டர். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறதாம். உன் அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெற்றி தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. பயம்தான் இருந்தது.

"இது நோயா டாக்டர், இல்ல நான் தின்னதா?" என்று கேட்டேன். டாக்டரம்மா வயதில் சின்னவர். "உங்களுக்கு எது வேணும்?" என்றார். "எது உண்மையோ அது" என்றேன்.

"தூக்கம் கெட்டா பசி அதிகமாகும். சாப்பிட்டா உடம்பு கூடும். உடம்பு கூடினா தூக்கம் கெடும். நீங்க எந்த இடத்துல இதுக்குள்ள நுழைஞ்சீங்கன்னு என்னால சொல்ல முடியாது. அப்பா கொடுத்த உடம்பு இருக்கு, நீங்க வாங்கின பன்னும் இருக்கு, பதினோரு வருஷம் உங்களை இறங்க விடாத கூண்டும் இருக்கு. அந்தப் படிவத்துல மூணாவது கட்டம் எதுவும் இல்லையா?"

இல்லை என்றேன். "அப்போ நோய்ல போடுங்க. வைத்தியத்துக்கு அந்தக் கட்டம்தான் வழிவிடும்" என்றார். அந்தம்மா சொன்னதில் பாதியை நம்புகிறேன். பன்னை எடுத்து வாயில் வைத்தது என் கைதான், அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க வேண்டாம். ஆனால் மூச்சை நிறுத்தினது என் கை இல்லை.

கெடு முடியும் முன்பே படிவத்தை மாற்றிக் கொடுத்தேன். இனி ஏற முடியாது. புதிதாக வருகிற ஆபரேட்டர்களுக்குக் கீழே இருந்து சொல்லிக்கொடுக்கிற வேலை தருகிறார்களாம். நேற்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன், கழுத்து வலித்தது. தூங்கும்போது மூக்கில் மாட்ட ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டால் நான் ஏதோ பூச்சி மாதிரி இருக்கிறேன். ஆனால் கொஞ்ச நாளாக மதியத்தில் கண் சொருகுவதில்லை. பசியும் பழைய மாதிரி பேயாக அலையவில்லை. அதற்குள் சந்தோஷப்பட மாட்டேன்.

உன் அக்காவோடு சமாதானம் என்று எழுத ஆசைதான். ஆனால் உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்தான் பேச்சு இருக்கிறது. அவள் சும்மா நோட்டைத் திறந்தாலே என் கண் அங்கே போகிறது. அவளுக்கும் அது தெரியும். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

போன வாரம் கம்பெனியிலிருந்து இன்னொரு தாள் வந்தது. வீட்டிலுள்ளவர் நிரப்பிக் கொடுக்க வேண்டியது. எப்படித் தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், கருவியை ஒழுங்காக மாட்டுகிறாரா, ஒளித்துச் சாப்பிடுகிறாரா. அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"என்ன எழுதட்டும்?" என்றாள்.

"பார்த்ததை எழுது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். கீழ உன் பேரைப் போடு."

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். இரண்டு பக்கமும் எழுதியிருப்பாள் போல, அவ்வளவு நேரம் ஆயிற்று. உறையில் போட்டு ஒட்டி என் கையிலேயே கொடுத்தாள், ஆபீசில் சேர்த்துவிடச் சொல்லி. சேர்த்துவிட்டேன். வழியில் ஒரு தடவை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், உன்னிடம் மறைப்பானேன். கெட்டிக் காகிதம். கீழே அவள் கையெழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

— மாமா